அம்மாவின் நேர்ச்சையும் ஒரு திருவழிபாட்டு ஆண்டும்

2025 கத்தோலிக்கத் திருஅவையில் இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் யூபிலி ஆண்டாக, புனித ஆண்டாக இருந்ததால், எனக்குத் தெரிந்தவர்களில் சிலர் உரோமைக்குச் சென்று யூபிலிக்காகத் திறக்கும் புனிதக் கதவைக் கடந்து வந்தார்கள். நான் எங்கும் போகவில்லை. கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய காத்திருப்பின் வாரங்களான திருவருகைக்காலத்தோடுதான் எங்கள் திருவழிபாட்டு ஆண்டு தொடங்கும். அதன் முதல் ஞாயிறான 2024 டிசம்பர் 1 தொடங்கி, அடுத்த திருவருகைக்காலத்துக்கு முந்தின நாளான 2025 நவம்பர் 29 வரை நாள் தவறாமல் திருப்பலிக்குப் போய் வந்ததுதான் என் திருப்பயணம். அந்த நேர்ச்சையும் என்னுடையதல்ல, அம்மாவினுடையது.

நான் பெரிய நோயொன்றிலிருந்து பிழைத்து எழுந்ததற்கு நன்றியாக, 2023 டிசம்பரில் அம்மா அதைத் தொடங்கினார். திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும் வழிபாட்டு நாள்காட்டியில் அந்த நாளுக்கு நேரே பென்சிலால் சின்னதாக ஒரு சிலுவை போடுவார். தவக்காலத்தின் மூன்றாம் வாரம் புதன்கிழமையோடு அந்தச் சிலுவைகள் நின்றுவிட்டன. அதற்குப் பிறகு அவர் படுக்கையை விட்டு எழவில்லை. வலியைப் பற்றி அதிகம் பேசாதவர், "நேர்ச்சை பாதியில நின்னுபோச்சேப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். மார்ச் 30, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தின நாளான பெரிய சனிக்கிழமை மதியம் பங்குத்தந்தை வந்து, ஆண்டவரின் உடலாக நாங்கள் ஏற்கும் அப்பமான நற்கருணையைக் கொடுத்தார். அவர் வரத் தாமதமானதை நினைத்து நான் வாசலில் நின்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். அன்று மாலையே அம்மா போய்விட்டார்.

எனவே அடுத்த திருவருகைக்காலத்தில் நான் தொடங்கினேன். தொடக்கத்தில் பக்தியை விடப் பிடிவாதமே மிகுதியாக இருந்தது என்பதை ஒளிக்காமல் சொல்லவேண்டும். கிறிஸ்து பிறப்பு இரவில் கைக்குட்டை போட்டு இடம் பிடித்தவர்களுக்குப் பின்னால் தூணோடு ஒட்டி நின்று, உயர்த்திப் பிடித்த கைப்பேசிகளின் இடுக்கில்தான் குழந்தை இயேசுவின் சுரூபத்தைப் பார்க்க முடிந்தது. விழாவுக்கு மறுநாளான டிசம்பர் 26 காலை, விசுவாசத்துக்காக உயிர் கொடுத்த முதல் மறைசாட்சியான புனித ஸ்தேவானுக்காகச் சிவப்புத் திருவுடையில் அருள்தந்தை பீடத்துக்கு வந்தபோது, எங்களை எண்ணிவிடலாம், பதினொரு பேர். பிறப்பு விழாவின் ஆரவாரம் அடங்குமுன் இரத்தத்தின் நிறத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிற துணிவு வழிபாட்டு நாள்காட்டிக்கு உண்டு என்பதை, அத்தனை ஆண்டுகள் கத்தோலிக்கனாக இருந்தும் அன்றுதான் கவனித்தேன்.

தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முன்பு, எரித்துச் சாம்பலாக்குவதற்காகப் பழைய குருத்தோலைகளைக் கொண்டுவந்து தரச் சொல்லி அறிவித்தார்கள். எங்கள் வீட்டுச் சிலுவைக்குப் பின்னால் ஓர் ஓலை செருகியிருந்தது. முந்தைய ஆண்டின் குருத்து ஞாயிறன்று நான் கொண்டுவந்து அம்மாவின் கையில் கொடுத்தது அது. மந்திரித்த அந்த ஓலையை அவர் விரல்களால் நீவிக்கொண்டே இருந்ததில், ஒரு நுனி மட்டும் சுருண்டு காய்ந்திருந்தது. கொடுக்க மனமில்லாமல் கொடுத்தேன். மார்ச் 5 அன்று நெற்றியில் சாம்பல் பூசப்பட்டபோது, மண்ணுக்குத் திரும்புவாய் என்ற சொல் பயமுறுத்தவில்லை. அம்மா விரல் வைத்ததுபோலத்தான் இருந்தது. அன்று முழுவதும் வேலையிடத்தில் அதைத் துடைக்காமல் இருந்தேன்.

பெரிய வாரம் நெருங்கியபோது எனக்கொரு சிக்கல் எழுந்தது. புனித வெள்ளியன்று உலகில் எங்குமே திருப்பலி கிடையாது. மறுநாளும், உயிர்ப்பைக் கொண்டாடும் இரவு வழிபாடான பாஸ்கா திருவிழிப்பு வரையில் எதுவும் இல்லை. நாள் தவறாமல் என்று நேர்ந்துகொண்டவன் அந்த நாள்களை எப்படி நிறைவேற்றுவது? இந்தக் கேள்வியோடு ஏப்ரல் 19, பெரிய சனிக்கிழமை காலையில், வழக்கமான நேரத்துக்கே ஆலயத்துக்குப் போய்விட்டேன். பீடத்தில் துணி இல்லை, பூ இல்லை. நற்கருணைப் பேழையின் கதவு திறந்து கிடக்க, உள்ளே வெற்று மரப்பலகை தெரிந்தது. எப்போதும் எரியும் விளக்கும் அணைந்திருந்தது. உள்ளே நின்றபோது, படுக்கை விரிப்பை எடுத்துவிட்ட அம்மாவின் கட்டில்தான் கண்ணுக்கு வந்தது. இரவு வழிபாட்டுக்காக நாற்காலிகளை இழுத்துக்கொண்டிருந்த உபதேசியாரிடம், இன்று நற்கருணையாவது வாங்க முடியாதா என்று கேட்டேன். அவர் வேலையை நிறுத்தாமலேயே, "இன்னைக்கு யாருக்கும் கொடுக்க மாட்டாங்க தம்பி, சாகக் கிடக்கிறவங்களுக்கு மட்டும்தான்" என்றார்.

அப்படியே முழங்காலில் உட்கார்ந்துவிட்டேன். எத்தனையோ ஆயர்களும் துறவிகளும் வெறுங்கையோடு காத்திருக்கும் அந்த ஒரு நாளில், ஆண்டவர் எங்கள் வீட்டுப் படியேறி, மருந்து நெடி அடிக்கும் அறைக்குள் வந்து, விழுங்க முடியாத என் தாயின் நாவில் அப்பத்தின் சிறு துணுக்காகத் தங்கியிருக்கிறார்; நானோ, நேரமாகிவிட்டதே என்று வாசலில் முணுமுணுத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. உபதேசியார் நாற்காலி இழுப்பதை நிறுத்திவிட்டு வெளியே போய்விட்டார். அந்தக் கண்ணியத்துக்காகவும் அவருக்கு நான் கடமைப்பட்டவன்.

பாஸ்கா திங்களன்று திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. மறுநாள், திருப்பலியில் திருத்தந்தையின் பெயர் சொல்லி வேண்டும் நற்கருணை மன்றாட்டில் அருள்தந்தை பழக்கத்தில் அவர் பெயரை எடுக்க வாயெடுத்து, நிறுத்தி, ஆயரின் பெயருக்குப் போனார். மே 8 அன்று பதினான்காம் லியோ தேர்ந்தெடுக்கப்படும் வரை அந்த இடம் ஒவ்வொரு காலையும் பெயரில்லாமல் கடந்தது. பெயரில்லாத இடத்தோடும் செபம் செல்லும் என்பது அந்த வாரங்களில் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது!

பிறகு, பெருவிழாக் காலங்கள் முடிந்து பச்சைத் திருவுடை அணியும் பொதுக்காலத்தின் நீண்ட பச்சை. தூக்கக் கலக்கத்தில் வாசகம் காதில் விழாத நாள்களும் உண்டு. ஆனால் ஜூலை 29 அன்று மார்த்தாவின் நினைவு நாளில் வாசிக்கப்பட்ட நற்செய்தி நெஞ்சில் இறங்கியது. தம்பியைப் பறிகொடுத்த மார்த்தா ஊருக்கு வெளியே வந்து, நீர் இங்கே இருந்திருந்தால் அவன் இறந்திருக்க மாட்டானே என்று ஆண்டவரிடமே முறையிடுகிறார். என்னால் அப்படிக் கேட்கவும் முடியவில்லை, ஏனென்றால் எங்கள் வீட்டில் அவர் இருந்தார்.

கல்லறைத் திருநாள் ஞாயிற்றுக்கிழமையில் வந்ததால் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் நடக்க இடமில்லை. தங்களிடம் மெழுகுதிரி வாங்கினால்தான் ஆன்மாக்களுக்கு ஈடேற்றம் என்பதுபோல் கையைப் பிடித்து இழுக்கிற வியாபாரிகளைக் கடிந்துகொண்டே உள்ளே போனேன். அம்மாவின் கல்லறை முன் நின்றதும் கோபமும் போய்விட்டது, வேண்டுதலும் வரவில்லை. நன்றி, ஆண்டவரே, நன்றி என்பதைத் தவிர வேறு சொல் எழவில்லை.

நவம்பர் 29, சனிக்கிழமை. திருப்பலி முடிந்ததும் கோவில்பிள்ளை பச்சைத் திருவுடையை மடித்து வைத்துவிட்டு, திருவருகைக்காலம் தொடங்கும் மாலைக்காக ஊதாவை வெளியே எடுத்தார். நான் வீட்டுக்கு வந்து அம்மாவின் பழைய நாள்காட்டியை எடுத்துப் பிரித்தேன். மார்ச் 6க்குப் பிறகு எல்லா நாளும் வெறுமையாக இருந்தன. அவற்றை நிரப்பவேண்டும் என்று தோன்றவில்லை. பென்சிலைச் சீவி, மார்ச் 30க்கு நேரே மட்டும், அவர் போடும் அளவிலேயே ஒரு சிலுவை போட்டேன்.