குவில்ட் பார்டருக்கும் ஒரு கணக்கு உண்டு

துணித் துண்டுகளை இணைத்துத் தைக்கும் போர்வையான குவில்டின் நடுப்பகுதிக்குக் கொட்டும் உழைப்பில் பாதியைக்கூடப் பலர் அதன் சுற்று ஓரமான பார்டருக்குக் கொடுப்பதில்லை. ஒரே துணியை நீளமாக வெட்டிச் சுற்றிலும் வைத்து முடித்துவிடுகிறார்கள். மிச்சத் துண்டுகளைச் சேர்த்துத் தைத்த பார்டர்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும்.

முதலில் பழக ஏற்றது பியானோ கட்டை பார்டர். இரண்டரை அங்குலப் பட்டைகளைக் கால் அங்குலத் தையல் விட்டு வரிசையாக இணைத்தால், ஒவ்வொன்றும் 2 அங்குலமாக நிற்கும். 40 அங்குலப் பக்கத்துக்கு 20 பட்டை. சரி, பக்கம் 43 அங்குலம் என்றால்? பட்டைகளை இழுத்துப் பிடித்துத் தைக்காதீர்கள், பார்டர் அலை அலையாக நெளியும். நடுப்பகுதியைச் சுற்றி அரை அங்குலம் தெரியும்படி ஒரு மெல்லிய ஒற்றை நிறப் பட்டை வையுங்கள். 44 ஆகிவிடும், 22 பட்டை கச்சிதமாக உட்காரும். அந்த மெல்லிய கோடு உள்ளே இருக்கும் வேலைப்பாட்டையும் எடுத்துக்காட்டும்.

முக்கோண வரிசை இன்னும் அழகு. ஆனால் கிராஸாக வெட்டிய ஓரம் லேசாகத் தொட்டாலே இழுபடும். அதனால் இரண்டு 3 அங்குலச் சதுரங்களை நல்ல பக்கம் உள்ளே இருக்க அடுக்கி, மூலைவிட்டத்துக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்த பிறகு கோட்டில் வெட்டுங்கள். விரித்தால் இரண்டு முக்கோணங்கள் சேர்ந்த சதுரங்கள் இரண்டு கிடைக்கும். அப்புறம் அவற்றை இரண்டரை அங்குலத்துக்குச் செதுக்கிக்கொள்ளலாம்.

அளவை எப்போதும் குவில்டின் நடுவில் எடுங்கள். ஓரங்கள் தையலின்போதே கொஞ்சம் விரிந்திருக்கும்.

நான்கு மூலைகளிலும் அழுத்தமான நிறத்தில் தனிச் சதுரம் வைத்துப் பாருங்கள், அவ்வளவு எடுப்பாக இருக்கும்!