உளிகளுக்கு ஒரு டூல் ரோல்: வாங்கிப் பார்த்ததும் தைத்துப் பார்த்ததும்

டூல் ரோல் என்பது சாமான்களை வரிசையாகப் பாக்கெட்டுகளில் செருகி, சுருட்டிக் கட்டிக்கொள்ளும் பை. அதை வாங்கப் போனால் எல்லோரும் முதலில் கேட்பது "எத்தனை பாக்கெட்?" என்றுதான். ஸ்பேனர் வைத்திருப்பவர்களுக்கு அது நியாயமான கேள்வி. உளி வைத்திருப்பவர்கள் கேட்க வேண்டியது வேறு: உளியின் வாய், அதாவது வெட்டும் முனை, எங்கே போய் முட்டுகிறது? அந்த இடத்தில் துணி எப்படி இருக்கிறது, தையல் எப்படி ஓடுகிறது? இதைப் பார்க்காமல் வாங்கும் ரோல், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், கொஞ்ச நாளில் ஓட்டை விழும்.

என் நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். வீடு தாம்பரத்தில், அடுக்குமாடிக் குடியிருப்பு. மரவேலை செய்வது செங்கல்பட்டில் நண்பர் வீட்டுக் கொட்டகையில். நடுவில் மின்சார ரயில். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தோளில் பையோடு நிற்கும்போது உள்ளே தீட்டிய உளி ஒன்று துணியைக் கிழித்து வெளியே எட்டிப் பார்த்தால், பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் கைக்குத்தான் ஆபத்து. அதனால் எனக்கு இது வெறும் ஒழுங்குபடுத்தும் பிரச்சினை இல்லை.

எடுத்துப் போகும் சாமான்கள்: கால், அரை, முக்கால், ஒரு இஞ்ச் உளிகள். தச்சர்கள் இவற்றை இரண்டு நூல், நாலு நூல், ஆறு நூல், எட்டு நூல் என்பார்கள். கூடவே வளைந்த வாய் கொண்ட செதுக்கு உளிகள் இரண்டு, கோடு கீறும் கத்தி, சின்ன மூலைமட்டம், 15 செ.மீ. ஸ்டீல் ஸ்கேல், ஒரு சின்ன அரம், பென்சில். எல்லாம் சேர்த்து இரண்டு கிலோவுக்குப் பக்கம் வரும். கொட்டாப்புளியும் (உளியைத் தட்டும் மரச் சுத்தியல்) ரம்பமும் இந்தக் கணக்கில் இல்லை. கொட்டாப்புளியை ரோலுக்குள் திணித்தால் சுருட்டு ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு எதுவும் இறுகாது. ரம்பத்துக்கு அட்டை உறை தனியாக இருக்கிறது.

முதலில் வாங்கியது கடையில் தொங்கிக்கொண்டிருந்த ரெடிமேட் ரோல். அது அடிப்படையில் ஸ்பேனருக்குத் தைத்தது. 6-7, 8-9, 10-11 என்று ஏறிக்கொண்டே போகும் டபுள் எண்ட் செட்டுக்கு அது அற்புதமான அமைப்பு. பாக்கெட்டும் அளவுவாரியாக ஏறும், எந்த ஸ்பேனர் காணவில்லை என்று பார்த்த உடனே தெரியும். பழைய புல்லட், ஜாவா வைத்திருந்தவர்களுக்கு இந்த மாதிரி சுருட்டுப் பை பழக்கம்தான். ஸ்பேனருக்குக் கூர் கிடையாது, தடிமன் குறைவு, முழுக்க ஒரே உலோகம். உளி அப்படி இல்லை. வாய் ஒரு அளவு, பிடி ஒரு அளவு. கால் இஞ்ச் உளிக்கும் ஒரு இஞ்ச் உளிக்கும் வாயின் அகலத்தில் நாலு மடங்கு வித்தியாசம், ஆனால் இரண்டுக்கும் பிடி கிட்டத்தட்ட 30 மி.மீ. தடிமன். ஸ்பேனர் ரோலில் கால் இஞ்ச் உளியைச் சின்ன பாக்கெட்டில் போட்டால் அதன் பிடி பக்கத்துப் பிடியோடு மோதி எழும்பி நிற்கிறது. பெரிய பாக்கெட்டில் போட்டால் உள்ளே ஆடி, சாய்ந்து, பக்கத் தையலையும் அடித் தையலையும் அறுக்கிறது.

அந்த அறுப்பைக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். ரோலைப் பிரித்துத் திருப்பிப் பார்த்தேன். கிழிசல் துணியில் இல்லை, நூலில். பாக்கெட்டின் அடியில் முன்துணியையும் பின்துணியையும் சேர்த்து ஒரு தையல் ஓடுகிறது. உளி தன் எடையோடு நேராக அந்தத் தையல் மேல்தான் உட்காருகிறது. ஒவ்வொரு முறை சுருட்டும்போதும், பையைக் கீழே வைக்கும்போதும் கூர்முனை இரண்டு துணிக்கும் நடுவே தெரியும் நூலைத் தொடுகிறது. ஒரு கண்ணி அறுந்தால் பக்கத்துக் கண்ணிகள் தானாகவே தளர்கின்றன. துணி முழுசாக இருக்க, அடி மட்டும் வாய் பிளந்து கிடந்தது. தடிமனான துணி போட்டாலும் இது தீராது. அடியில் தையலே இருக்கக் கூடாது என்பது அப்போது தெளிவானது. துணியை மடித்து மேலே தூக்கிப் பாக்கெட் ஆக்கினால் அடியில் வெறும் மடிப்பு மட்டும் இருக்கும், அறுபட நூல் இருக்காது.

அடுத்து தோல். தோல் ரோல்களின் படங்களைப் பார்த்தால் ஆசை வராமல் இருக்காது, எனக்கும் வந்தது. நண்பர் ஒருவரின் தோல் ரோலைக் கொஞ்ச காலம் இரவல் வாங்கி வைத்துக்கொண்டேன். உளியின் கூர்முனையைத் தாங்குவதில் தோலுக்கு நிகர் இல்லை. ஆனால் தாவரப் பட்டையில் பதனிட்ட தோலில் டேனின் இருக்கிறது, அது ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் கருநீலமாகக் கறை பிடிக்கும். பதனிடும்போது தங்கிய உப்பும் அமிலமும் துருவைக் கிளப்பும். வறண்ட ஊரில் இது பெரிய விஷயமாக இருக்காது. நம் கடற்கரைப் பக்கத்தில் காற்றே உப்புக் காற்று. ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டும்போது இரும்பு துருப்பிடிக்கும் வேகம் நன்றாகவே கூடும், சென்னையிலோ வருஷத்தில் பெரும்பகுதி அதற்கு மேல்தான். தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு மெதுவாகத்தான் விடும். எடையும் அதிகம். தோலைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

மெழுகு ஏற்றிய கான்வாஸ் ஒன்றும் இருக்கிறது. பாய்மரத் துணிக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிய மாலுமிகளின் பழக்கத்திலிருந்து வளர்ந்தது அது. மழைத்தண்ணீரை உள்ளே விடாது, உண்மை. ஆனால் உள்ளே சிக்கிய ஈரத்தையும் சுலபத்தில் வெளியே விடாது. அப்புறம் வெயில். தேன்மெழுகு உருகுவது 62 முதல் 64 டிகிரியில், அதற்கு முன்பே இளகத் தொடங்கிவிடும். மே மாதம் வெயிலில் நிறுத்திய வண்டியின் டிக்கிக்குள் இந்த ரோலை வைத்தால் பிசுபிசுவென்று ஆகி, மரத்தூள் எல்லாம் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த, மழை அதிகமான ஊர்களுக்கு அது சரியான துணி. இங்கே எனக்கு வேண்டியது மூச்சு விடும் துணி. மழைக்கு வெளியே ஒரு பிளாஸ்டிக் கவர் போதும்.

ஆக, மெழுகு ஏற்றாத பருத்தி கான்வாஸ், 12 அவுன்ஸ், அதாவது சதுர மீட்டருக்குச் சுமார் 400 கிராம் (400 ஜிஎஸ்எம்). அதற்குக் கீழே போனால் ஒரு இஞ்ச் உளியின் மூலைகள் துணியில் அடையாளம் விடுகின்றன. 18 அவுன்ஸ் வரை கிடைக்கிறது, ஆனால் அது மடிப்பில் தகரம் மாதிரி விறைத்து நிற்கிறது, சுருட்டவே வராது. பாரிமுனைப் பக்கம் தார்ப்பாய்க் கடைகளில் கான்வாஸ் மீட்டர் கணக்கில் கிடைக்கிறது. எனக்கு ஒரு மீட்டர் போதுமானதாக இருந்தது.

கான்வாஸை வெட்டுவதற்கு முன்னால் காடாத் துணியில் ஒரு மாதிரி தைத்தேன். இதை எல்லோருக்கும் சொல்வேன். காடா மலிவு, கையால் பெரிய பெரிய தையல் போட்டாலே போதும், அளவுகள் எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும். சாமான்களை முதலில் தரையில் பரப்பி, கைக்கு எந்த வரிசையில் வேண்டுமோ அந்த வரிசையில் அடுக்கி, அதன் மேல் துணியைப் போட்டுச் சாக்பீஸால் கோடு போட்டேன்.

பாக்கெட் அகலத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தட்டையான சாமானுக்கு அகலத்தோடு தடிமனைக் கூட்டிக்கொள்ள வேண்டும், பிறகு கொஞ்சம் தளர்வு. ஒரு இஞ்ச் உளியின் தகடு 25 மி.மீ., தடிமன் 4, தளர்வு 4, மொத்தம் 33. உருண்டையான சாமான் முழுசாக உள்ளே போவதாக இருந்தால் சுற்றளவில் பாதி வேண்டும்: 30 மி.மீ. விட்டம் என்றால் சுற்றளவு 94, பாதி 47, தளர்வோடு 50. உளிக்குப் பிடி வெளியே நிற்பதால் 33 போதும் என்று தோன்றும். ஆனால் பிடிகள் ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்கவும், நடுவே விரல் போகவும் இடம் வேண்டுமே. அதனால் உளிக்கு உளி 45 மி.மீ. என்று வைத்தேன்.

அப்படியானால் 6 மி.மீ. அகலமே உள்ள கால் இஞ்ச் உளி 45 மி.மீ. பாக்கெட்டில் என்ன ஆகும்? ஆடத்தான் செய்யும். அதற்குப் பாக்கெட்டையே கூம்பாகத் தைக்கலாம். மேல் வாய் 45, அடி 15. உளி தானாகவே நடுவில் வந்து நிற்கும், பக்கத் தையலை நோக்கிச் சாயாது. இந்த யோசனை பை தைக்கும் அண்ணன் சொன்னது. அவர் பள்ளிக்கூடப் பைகளும் டெம்போ தார்ப்பாய்களும் தைப்பவர். காடா மாதிரியை அவர் மேஜையில் விரித்து, உளிகளைப் போட்டுக் காட்டினேன். கால் இஞ்ச் உளியை விரலால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இதுக்கு மட்டும் பக்கத்துல சாய்வா ஒரு தையல் கூட ஓட்டிடலாம், அப்புறம் எங்க போகும்?" என்றார். 18 நம்பர் ஊசி, தடித்த பாலியஸ்டர் நூல். பாக்கெட் வாய்கள் எல்லாவற்றுக்கும் ரெண்டு தடவை முன்னும் பின்னும் ஓட்டிக் கட்டினார், உளியை உருவும்போது முதலில் பிரிவது அந்த இடம்தான்.

மற்ற அளவுகள்: நீளமான உளி 27 செ.மீ. பாக்கெட் ஆழம் 15, தகடு முழுக்க உள்ளே போகும். முதுகுத் துணி 30. மேலிருந்து மடிந்து விழும் மூடி 16, அது பிடிகளை மூடி, பாக்கெட் வாய்க்குக் கீழேயும் கொஞ்சம் இறங்கும். மூடி குட்டையாக இருந்தால் தலைகீழாகப் பிடிக்கும்போது உளி நழுவி வந்துவிடும், ரெடிமேட் ரோல்களில் நிறைய இடத்தில் மிச்சம் பிடிப்பது இந்தத் துணியைத்தான். அகலம் 58. அதில் கடைசி 12 செ.மீ. பாக்கெட்டே இல்லாத வெறும் துணி, சுருட்டும்போது வெளிச்சுற்றாக வந்து எல்லாவற்றையும் போர்த்திக்கொள்ளும். அடி மடிப்புக்குள்ளே வைக்க வீட்டில் மிச்சம் இருந்த நைலான் கட்டில் நாடா. செங்குத்துத் தையல்களே அதைப் பிடித்துக்கொள்கின்றன. கூர்முனை இப்போது கான்வாஸைத் தொடுவதற்கு முன் நாடாவில்தான் உட்காருகிறது.

உளியின் வாய் கீழேயா மேலேயா என்று மரவேலைக்காரர்களிடம் கேட்டால் இரண்டு கட்சி. வாய் மேலே இருந்தால் எது எந்த அளவு என்று பார்த்த உடனே தெரியும், துணிக்கும் சேதமில்லை. ஆனால் மூடியைத் திறந்து கை வைக்கும் ஒவ்வொரு முறையும் தீட்டிய கூர்களின் வரிசைக்குள் விரல் போகிறது. எனக்கு அது ஒத்துவராது. வாய் கீழே, பிடி மேலே. அளவு தெரிய பிடியின் நுனியில் பெயின்ட் புள்ளி: இரண்டு நூலுக்கு ஒரு புள்ளி, நாலு நூலுக்கு இரண்டு, அப்படியே.

கட்டுவதற்கு வெல்க்ரோ வேண்டாம். இழைப்புச் சுருளும் தூளும் அதன் கொக்கிகளில் அடைத்துக்கொண்டு, கொஞ்ச நாளில் ஒட்டாமல் போகும். பிளாஸ்டிக் பக்கிள் சுலபம்தான், உடைந்தால் வழியில் ஒன்றும் செய்ய முடியாது. பருத்தி நாடா, இரண்டு சுற்று சுற்றி ஒரு முடிச்சு. சாமான் கூடினாலும் குறைந்தாலும் அதுவே இறுகிக்கொள்ளும். நாடாவை வெறுந்துணியின் ஓரத்தில், உளிகளின் எடை சமமாக நிற்கும் உயரத்தில் தைக்க வேண்டும். அது உயரத்தின் நடு இல்லை, இரும்பு இருக்கும் பக்கம், அதாவது கொஞ்சம் கீழே. சுருட்டத் தொடங்கும் முனைப் பாக்கெட்டில் ஸ்டீல் ஸ்கேலும் ஒரு இஞ்ச் உளியும் இருக்கின்றன. நடுத்தண்டு விறைப்பாக இருந்தால் மீதி தானாகவே இறுக்கமாகச் சுற்றி வருகிறது.

மேஜையில் விரித்தால் 58 செ.மீ. இடத்தை ரோலே பிடித்துக்கொள்கிறது. நண்பரின் மேஜையோ சின்னது. மேல் ஓரத்தில் இரண்டு பித்தளை ஐலெட் (ஆணியில் மாட்டும் துளைக்கான வளையம்) அடித்த பிறகு அந்தத் தொல்லை இல்லை. சுவரில் இரண்டு ஆணி, மூடியை ஆணிக்குப் பின்னால் தள்ளிவிட்டு ரோலைத் தொங்கவிட்டால் உளிகள் கண்ணுக்கு நேரே வரிசையாக நிற்கின்றன. வேலை நடக்கும்போது உளி மேஜையில் உருண்டு விழும் பேச்சே இல்லை, கை தானாகவே அதை அதன் இடத்தில் திருப்பி வைக்கிறது.

ஒரு வடகிழக்குப் பருவமழைக் காலத்தை இந்த ரோல் பார்த்துவிட்டது. அடி மடிப்பில் ஓட்டை இல்லை, உள்ளே வைத்த நைலான் நாடாவில் மட்டும் மெல்லிய கீறல்கள். துருவைப் பொறுத்தவரை ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: டூல் ரோல் கொண்டுபோவதற்குத்தான், சேமித்து வைப்பதற்கு இல்லை. பருத்தி ஈரத்தை உறிஞ்சும். வியர்வைக் கையால் தொட்ட உளியைச் சுருட்டி ஒரு வாரம் மூலையில் வைத்தால் எந்தத் துணியும் காப்பாற்றாது. வீட்டுக்கு வந்ததும் உளிகளை எடுத்துத் துடைத்து, தையல் மெஷின் எண்ணெயை மெல்லிசாகத் தடவி, மூடியுள்ள டப்பாவில் சிலிகா ஜெல்லோடு வைக்கிறேன். காலி ரோல் கொடியில் காய்கிறது. தேங்காய் எண்ணெய் பூசலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நாளடைவில் சிக்கடித்துப் பிசுக்காகும், மெஷின் எண்ணெயே நல்லது.

இன்னும் சரிசெய்ய வேண்டியது வளைந்த செதுக்கு உளிகளின் பாக்கெட். வாய் வளைந்திருப்பதால் அவை தட்டையாகப் படுப்பதில்லை, முன்துணியைத் தள்ளிக்கொண்டு நிற்கின்றன. அந்த இரண்டு பாக்கெட்டுகளுக்கும் முன்துணியில் ஒரு சின்ன கொசுவம் வைத்தால் வளைவுக்கு இடம் கிடைக்கும் என்று நினைக்கிறேன். காடாவில் தைத்துப் பார்த்தேன், நன்றாகவே உட்காருகிறது. அடுத்து கான்வாஸில். அதே துணியில் மிச்சம் இருக்கும் துண்டில் ரம்பத்துக்கும் ஒரு உறை வெட்டிவிடலாம் என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். அளவு எடுத்துக் கொடுத்தாயிற்று.