மரைன் டிரைவ் மேகமும் கொஞ்சம் ஓவியமும்

ஜூன்ல மும்பை மரைன் டிரைவ்ல கடலுக்கு மேல ஏறி வர்ற மேகம் இருக்கே, போன்ல எடுத்தா வெறும் சாம்பலாத்தான் வருது, அதுக்குன்னே மாட்டுங்கால இருந்து ட்ரெய்ன் புடிச்சு போற கூட்டம் நாங்க. கான்ஸ்டபிள்னு ஒரு இங்கிலாந்து ஓவியர் 1821, 1822ல ஹாம்ப்ஸ்டெட்ல வெறும் வானத்தையே ஆயில் ஸ்கெட்ச்சா போட்டு தள்ளிருக்காரு, பல படத்துக்கு பின்னாடி தேதி, நேரம், காத்து எந்த பக்கம்னு வரைக்கும் எழுதி வச்சு (மனுசன் என்னா பொறுமை!). நம்ம ராஜஸ்தான், பஹாடி (இமயமலைப் பக்கம்) மினியேச்சர், அதான் குட்டி ஓவியம் வரைஞ்ச ஆளுங்க வேற ரூட்டு. கருநீல மேகம், தங்கத்துல பாம்பாட்டம் நெளியுற மின்னல், குறுக்க வெள்ளை கொக்கு வரிசை. காலா கோடா பக்கத்துல இருக்குற மியூசியத்துல மினியேச்சர் கலெக்‌ஷன் இருக்கு, மழைக்கு ஒதுங்குற சாக்குல போயிட்டு வாங்க. மும்பை மழைக்கு இவங்கதான் கரெக்ட்டு, கான்ஸ்டபிள் மேகம் அழகுதான், ஆனா இடி கேக்கல எனக்கு.