தீயணைப்பு வண்டி எங்கள் வாசலுக்குள் வர நாங்கள் பட்ட பாடு

எங்கள் குடியிருப்புக்குத் தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று ஆரம்பத்திலிருந்தே உண்டு. கட்டி முடித்தபோது பில்டர் வாங்கிக் கொடுத்தது. கண்ணாடி போட்டுச் சங்க அறையில் மாட்டியிருந்தோம். அது சுவரில் தொங்கிக்கொண்டிருந்தபோதே ஒரு தீயணைப்பு வண்டியால் எங்கள் வாசலுக்குள் நுழைய முடியாத நிலை வந்துவிட்டது என்பது, சான்றைப் புதுப்பிக்கப் போனபோதுதான் தெரிந்தது. இப்போது வண்டி உள்ளே வருகிறது. சங்கச் செயலாளராக அதற்கு நான் அலைந்ததை, இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

இருப்பது சென்னைப் புறநகர். ஸ்டில்ட்டுக்கு, அதாவது தூண்கள் மட்டும் நிற்கும் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. 18.30 மீட்டரைத் தாண்டினால் தமிழ்நாட்டு விதிகளில் அது உயரக் கட்டடம், நாங்கள் தாண்டுகிறோம். ஆன்லைன் விண்ணப்பம், கட்டணம், பம்ப், ஹோஸ், சிலிண்டர் சோதனை எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

ஆய்வுக்கு வந்த நிலைய அலுவலர் பம்ப் அறையைப் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தோம். அவரோ டேப்பை எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார். "பம்ப் நல்லா இருக்கு சார். ஆனா என் வண்டி இந்த முனையில திரும்பாது. திரும்பினாலும் உங்க ஆர்ச்சுல இடிக்கும்" என்றார்.

"108 வருதே சார்?" என்று எங்கள் பொருளாளர் கேட்டார். பல குடியிருப்புகளில் இந்த நம்பிக்கைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. 108 என்பது வேன். தீயணைப்பு வண்டி என்பது சுமார் 4,500 லிட்டர் தண்ணீரும் மேலே ஏணியும் சுமந்து வரும் லாரி. தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016 சொல்வதை அந்த அலுவலர் ஒரு தாளில் எழுதியே கொடுத்தார்: வாசல் அகலம் 6 மீட்டருக்குக் குறையக்கூடாது, ஆர்ச் இருந்தால் உயரம் 5 மீட்டராவது வேண்டும், வண்டி திரும்ப 9 மீட்டர் ஆரம், வண்டி ஓடும் தரை 45 டன் தாங்க வேண்டும். இந்த நான்கையும் உங்கள் இடத்தில் நீங்களே முதலில் அளந்து பாருங்கள். ஆய்வு வரை காத்திருக்காதீர்கள்.

வாசல் பிளானில் 6 மீட்டர்தான். ஆனால் ஒரு பக்கக் கதவை நிரந்தரமாகப் பூட்டி, அதற்குப் பின்னால் செக்யூரிட்டி கூண்டை வைத்திருந்தார்கள். கூண்டை நகர்த்தினோம், முடிந்தது. ஆர்ச் அப்படி முடியவில்லை. முந்தைய கமிட்டி நன்கொடை வாங்கிக் கட்டியது. கொடுத்தவர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. பொதுக்குழுவில் பெரும் சண்டை. 2019 டிசம்பர் 8 அன்று டெல்லி அனாஜ் மண்டியில் 43 பேர் இறந்த தீவிபத்தைச் சொன்னேன். குறுகிய சந்துக்குள் தீயணைப்பு வண்டிகள் போக முடியாமல் வீரர்கள் திணறியதை அன்று நாடே பார்த்தது. கூட்டம் கொஞ்சம் அமைதியானது. கடைசியில் பெயர்க்கல்லை மதில் சுவரில் பதித்துத் தருவதாக எழுதிக் கொடுத்த பிறகுதான் ஆர்ச்சை இடிக்க ஒத்துக்கொண்டார்கள். யாராவது உங்கள் வாசலில் ஆர்ச் கட்டலாம் என்று பேச்செடுத்தால் அன்றைக்கே உயரத்தைக் கேளுங்கள்.

அடுத்தது தரை. கட்டடத்தின் கிழக்குப் பக்கம் வண்டி ஓட வேண்டிய இடத்துக்குக் கீழேதான் சம்ப், அதாவது நிலத்தடித் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. மேலே பேவர் பிளாக் பதித்திருப்பதால் பார்த்தால் தெரியாது. சம்ப்பை மூடியிருக்கும் பலகம் எவ்வளவு எடை தாங்கும் என்று தெரிய ஸ்ட்ரக்சுரல் டிராயிங், அதாவது கட்டுமான வரைபடம் வேண்டும். பில்டரிடம் கேட்டால், "பழைய ஆபீஸ்ல இருக்கும் சார், பார்த்துச் சொல்றேன்" என்பார். அப்புறம் போனே எடுக்க மாட்டார். கோபப்பட்டுப் பயனில்லை என்று தெரிந்து, ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை அழைத்து வந்து பலகத்தின் தடிமன், கம்பி எல்லாவற்றையும் சோதித்துச் சான்று வாங்கினோம். கார் நிற்கலாம், லாரி ஏறக்கூடாது என்றார். செலவு சங்கத்தின் தலையில்தான். வீடு ஒப்படைக்கும்போது சாவியோடு டிராயிங்கையும் கேட்டு வாங்குங்கள், பிறகு கிடைக்காது.

அதனால் வண்டியை மேற்குப் பக்கமாகக் கொண்டு போக வேண்டியதாயிற்று. அங்கே செட்பேக்கில், அதாவது கட்டடத்துக்கும் மதிலுக்கும் நடுவே விட்ட காலி இடத்தில் மூன்று கார்கள் நின்றன. "காசு கொடுத்து வாங்கின பார்க்கிங்" என்றார்கள் உரிமையாளர்கள். அவர்கள் சொல்வதும் பொய்யில்லை. பில்டர் பணம் வாங்கியிருக்கிறார். திறந்தவெளி பார்க்கிங்கைத் தனியாக விற்க பில்டருக்கு உரிமையில்லை என்று நாகல்சந்த் லாலுசந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது. அது மகாராஷ்டிரச் சட்டத்தை வைத்து வந்த தீர்ப்பு என்றாலும் பேச்சுவார்த்தைக்கு உதவியது. மூவருக்கும் சம்ப் மேலேயே இடம் ஒதுக்கினோம். காருக்கு அந்த இடம் போதும்.

உண்மையான பாடு தெருமுனையில்தான். திரும்பும் இடத்தில் ஒரு கடையின் தகரக் கொட்டகை தெருவுக்குள் நீண்டிருந்தது. உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தால் நகரமைப்புப் பிரிவு பொறியியல் பிரிவைக் காட்டியது. பொறியியல் பிரிவு சர்வேயர் அளந்து தரட்டும் என்றது. சர்வேயர் வேறு பணியில் இருக்கிறார் என்றார்கள். ஒரு எழுத்தர் மனுவைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், "தீயணைப்பு விஷயம்னா தீயணைப்புக்கே போங்க, இங்க எதுக்கு வர்றீங்க?" என்றார். எழுபது வயதுத் தலைவரையும் வெயிலில் கூட்டிக்கொண்டு போன நாளில் கேட்ட பதில் அது. இப்போது நினைத்தாலும் எரிகிறது. தெருவை ஒழுங்காக வைத்திருப்பது வேறு யாருடைய வேலை?

வழி காட்டியவர் எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவரும் லாரி ஓட்டுநர். "இந்த முனை முன்னாடி அகலமா இருந்துச்சு சார், நான் ஒரே திருப்புல வருவேன்" என்றார். அப்படியென்றால் பழைய வரைபடத்தில் இருக்க வேண்டுமே என்று தோன்றியது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, எங்கள் மனைப்பிரிவின் அங்கீகரிக்கப்பட்ட வரைபட நகலைக் கேட்டேன். வந்தது. தெரு அகலம் மட்டுமல்ல, முனையில் விட வேண்டிய ஸ்ப்ளே என்ற மூலைவெட்டும் அளவோடு அதில் இருந்தது. கொட்டகை நின்றது சரியாக அதன் மேல். அந்த நகலையும் நிலைய அலுவலரின் ஆய்வுக் குறிப்பையும் இணைத்து, எழுத்தரைத் தாண்டி நேராக ஆணையர் பார்வைக்குக் கொடுத்தேன், ஒப்புகைச் சீட்டோடு. "ஆக்கிரமிப்பு" என்று மட்டும் எழுதிய மனுக்கள் அசையவே இல்லை; வரைபடம் போனதும் நோட்டீஸ் போனது. கடைக்காரரிடம் நாங்களே முன்கூட்டிப் பேசி, தகரத்தையும் சாமான்களையும் உள்ளே எடுத்துவைக்க ஆள் கொடுத்தோம். இன்றும் அவரிடம்தான் பால் வாங்குகிறோம்.

எல்லாம் ஆனபின், காகிதத்தில் முடிக்காமல் ஒரு ஒத்திகை வைக்கும்படி நிலையத்தில் எழுதிக் கேட்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள். வண்டி முனையில் ஒரே திருப்பில் திரும்பியது, வாசலைக் கடந்தது, மேற்குப் பக்கமாகப் பின்புறம் வரை போய் நின்றது. பால்கனிகளில் கைதட்டல். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அன்றும் ஒரு குறை தெரிந்தது. நடுத்தெருவில் தாழ்ந்து தொங்கிய இணையக் கேபிளை ஒரு வீரர் மேலே ஏறிக் கழியால் தூக்கிப் பிடித்த பிறகுதான் வண்டி வந்தது. கேபிள்காரர்களைக் கூப்பிட்டு உயர்த்திக் கட்டச் சொன்னோம். சில வாரங்களிலேயே புதிதாக ஒன்று தொங்கியது. இப்போது 5 மீட்டர் மூங்கில் கழி ஒன்று செக்யூரிட்டி கூண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. மாதத்தின் முதல் ஞாயிறு அதை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு வாசலிலிருந்து தெருமுனை வரை நடக்கிறோம். எதிலாவது தட்டினால் அந்த இடத்திலிருந்தே கேபிள்காரருக்குப் போன். மின்கம்பி போகும் இடத்தில் மட்டும் கழியைத் தூக்காதீர்கள்.