சர்வீஸ் விட்டுப்போன மின்சாரக் காருக்கு பேட்டரி வாரண்டி கேட்பது எப்படி

பேட்டரி வாரண்டி கேட்டு சர்வீஸ் சென்டரில் போய் நின்றால், கவுண்டரில் இருப்பவர் முதலில் திறப்பது வண்டியின் பானெட்டை அல்ல, கணினியில் இருக்கும் சர்வீஸ் ஹிஸ்டரியை. அதில் இரண்டு சர்வீஸ் விட்டுப்போயிருந்தால் "வாரண்டி போயிடுச்சு சார்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லி அனுப்பப் பார்ப்பார்கள். அதைக் கேட்டுக்கொண்டு ஊர் திரும்பிவிடக் கூடாது.

இங்கே ஓடும் பல மின்சாரக் கார்களில் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கி.மீ., எது முந்துகிறதோ அதுவரை வாரண்டி. வண்டியின் மற்ற பாகங்களுக்கு உள்ள வாரண்டி வேறு, இது வேறு. கையேட்டில் பேட்டரிப் பகுதியை மட்டும் எடுத்து, சர்வீஸைப் பற்றி என்ன வாக்கியம் இருக்கிறது என்று பாருங்கள். "பராமரிப்பு செய்யாததால் வந்த பழுதுக்குப் பொறுப்பில்லை" என்றிருந்தால், விட்டுப்போன வேலைக்கும் வந்திருக்கும் பழுதுக்கும் என்ன தொடர்பு என்று அவர்கள்தான் காட்ட வேண்டும். கேபின் ஃபில்டர் மாற்றாததால் பேட்டரிக்குள் இருக்கும் செல் கெட்டுப்போகாது. "அட்டவணைப்படி எல்லா சர்வீஸும் செய்திருக்க வேண்டும்" என்று நிபந்தனையாகவே எழுதியிருந்தால் கதை வேறு. கூடுதல் பணம் கட்டி நீட்டித்த வாரண்டியில் இந்த வரி இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சர்வீஸில் பேட்டரிக்கென்று நடப்பது மிகக் கொஞ்சம். பேட்டரியைக் குளிர்விக்கும் திரவமான கூலண்டின் அளவு, அடிப்பக்கப் பேட்டரிப் பெட்டியில் அடி பட்டிருக்கிறதா, ஆரஞ்சு நிற உயர் மின்னழுத்தக் கேபிள்கள், ஸ்கேனரில் பிழைக் குறியீடு, மென்பொருள் புதுப்பிப்பு. வேதாரண்யத்திலிருந்து தஞ்சாவூருக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டிப்போய் ஒரு நாளைத் தொலைக்க மனம் வராதது புரிகிறது. ஆனால் வாரண்டி மறுக்கப்படுவது பெரும்பாலும் இந்த ஐந்தில் ஒன்றைச் சொல்லித்தான்.

கூலண்ட்தான் இதில் பெரிய வில்லங்கம். அளவு குறைந்தது என்று பக்கத்துக் கடையில் கிடைத்த பச்சைக் கூலண்டையோ, போர் தண்ணீரையோ ஊற்றிவிடுவார்கள். பல வண்டிகள் மின்சாரம் அதிகம் கடத்தாத தனிவகைக் கூலண்டைக் கேட்கின்றன. கடலோரப் போர் தண்ணீரில் உப்பு. குழாய் அரிக்கும், படிவு அடைக்கும், பேட்டரிக்குள் கசிந்தால் இன்சுலேஷன் பிழை வந்து வண்டி நகராது. டெக்னீஷியன் மூடியைத் திறந்து நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். இந்த இடத்தில் வாதாட எதுவும் மிச்சமில்லை.

அடுத்தது அடிப்பக்கம். வாய்க்கால் மதகு மேட்டில் உரசிய கோடு இரண்டு வருடம் கழித்து "வெளி அடி" என்று ரிப்போர்ட்டில் ஏறும். அறுவடை முடிந்ததும் ரோட்டில் பரப்பிய வைக்கோல் முன்பக்க ரேடியேட்டரில் போய் அடைத்துக்கொள்ளும். வயலில் இரை தீர்ந்த எலி வீட்டு ஷெட்டுக்கு வரும். எலி கடித்த கேபிள் வாரண்டியில் வராது, இன்சூரன்ஸில்தான் கேட்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை வெள்ளத்தில் நின்ற வண்டியும் அப்படியே. பேட்டரிக்குள் தண்ணீர் புகாது என்பதற்கு ஐபி67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் நீரில் அரை மணி நேரத்துக்கான சோதனை. ராத்திரி முழுக்கத் தெருவில் தேங்கும் தண்ணீருக்கு அல்ல. நனைந்த வண்டியை ஆன் செய்யாமல், சார்ஜ் போடாமல், நான்கு சக்கரமும் தரையில் படாதபடி லாரியில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும்.

க்ளெய்முக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு கணக்குப் போடலாம். 30 யூனிட் (kWh) பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். 20 சதவீதத்திலிருந்து 100 வரை மெதுவான சார்ஜரில் ஏற்றி, மின் மீட்டரில் எத்தனை யூனிட் ஓடியது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஏறும்போது பத்துப் பன்னிரண்டு சதவீதம் வீணாகும். ஆகவே நல்ல பேட்டரி சுமார் 27 யூனிட் இழுக்கும். 20 யூனிட்தான் இழுத்தது என்றால் உள்ளே போனது ஏறத்தாழ 17.6. ஏற்றியது 80 சதவீதம் என்பதால், அதை 0.8-ஆல் வகுத்தால் 22 யூனிட், அதாவது 73 சதவீதம். பல நிறுவனங்கள் வைத்திருக்கும் கோடு 70; கொள்ளளவு அதற்குக் கீழே போனால்தான் வாரண்டியில் மாற்றுவார்கள். 'ரேஞ்ச் குறைஞ்சிடுச்சு' என்பதை விட இந்த எண்ணுக்குக் கவுண்டரில் மரியாதை அதிகம்.

எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகைப் பேட்டரி என்றால் இன்னொரு சங்கதி. நடு சார்ஜில் எல்லாச் செல்லும் ஒரே மாதிரி வோல்டேஜ் காட்டும்; 10 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான் நோஞ்சான் செல் தனியாகச் சரியும். முழுக்க ஏற்றாமலே ஓட்டிய வண்டியில் பேட்டரியைக் கண்காணிக்கும் பி.எம்.எஸ். கருவியின் கணக்கே தப்பாகியிருக்கலாம். அதனால் "10 வரை இறக்கி 100 வரை ஸ்லோ சார்ஜ் போட்டுட்டு வாங்க" என்று முதலில் திருப்பி அனுப்புவார்கள். அலைக்கழிப்பு என்று நினைக்க வேண்டாம், சரியான சோதனைதான். நீங்களே முன்கூட்டி செய்து, தேதியோடு படம் எடுத்துக்கொண்டு போனால் ஒரு நடை மிச்சம்.

வண்டியை விடும்போது சென்டரில் போடும் ஜாப் கார்டில் புகாரை உங்கள் வார்த்தையில் எழுதச் சொல்லுங்கள். "ஜெனரல் செக்கப்" என்று எழுதினால் பின்னால் ஆதாரம் இல்லை. பேட்டரியின் ஆரோக்கியம் எத்தனை சதவீதம் என்று காட்டும் எஸ்.ஓ.எச். ரிப்போர்ட்டின் பிரதி கேளுங்கள். விட்டுப்போன சர்வீஸை அதே நாளில் செய்து பில் வாங்குங்கள். பழைய இடைவெளி மறையாது, ஆனால் கூலண்ட் சரியாக இருந்தது, அடிப்பக்கம் சுத்தமாக இருந்தது என்பது அவர்கள் கையெழுத்திலேயே பதிவாகும்.

மறுத்தால், எந்த நிபந்தனையின்படி, எந்தப் பழுதுக்கு என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பாதி வழக்கு இங்கேயே முடியும். வாயால் சொன்னவர் எழுத்தில் சொல்லத் தயங்குவார். அதற்கும் மசியவில்லை என்றால் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண், பிறகு மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஷோரூம் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம். காலக்கெடு 2 ஆண்டு.

ஒத்துக்கொண்டு பேட்டரியையோ அதன் ஒரு பகுதியான மாட்யூலையோ மாற்றிக் கொடுத்தால், புதிதாக 8 ஆண்டு தொடங்கும் என்று எண்ண வேண்டாம். பொதுவாகப் பழைய வாரண்டியில் மீந்த காலம்தான். வண்டியை எடுக்கும் முன் மாற்றிய பாகத்தின் சீரியல் எண் பில்லில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.