40 லிட்டர் தொட்டி, 10 மீன், ஒரு வாளி

தொட்டி, ஃபில்டர், மீன் எல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு வந்தாயிற்று. 40 லிட்டர் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு தங்கமீன், ஆறு நியான் டெட்ரா, பாசியைத் தின்னும் என்று கடைக்காரர் சேர்த்துவிட்ட இரண்டு சக்கர். தென்னாப்பிரிக்காவின் லெனேசியாவில் ஜூலை பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளுக்கு வாங்கித் தரும் தொட்டிகள் பல இப்படித்தான் தொடங்குகின்றன. மூன்றாம் நாள் தண்ணீர் அரிசி கழுவிய நீர்போல் கலங்கும். ஒரு வாரத்துக்குள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடும்.

மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளிவிடுகிறது. அதை நைட்ரைட்டாக ஒரு வகைப் பாக்டீரியாவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக இன்னொரு வகையும் மாற்ற வேண்டும். புதுத் தொட்டியில் இரண்டுமே இல்லை. அவை இரண்டாகப் பெருகவே ஒரு நாள் அளவு எடுக்கும், ஆகவே தொட்டி பழக நாலு முதல் ஆறு வாரம் ஆகும். குளிர்ந்த நீரில் இன்னும் இழுக்கும். அதுவரை அந்தப் பாக்டீரியாவின் வேலையை, தண்ணீர் மாற்றும் உங்கள் வாளிதான் செய்யவேண்டும்.

“தண்ணீர் மாற்றினால் சைக்கிள் (பாக்டீரியா பெருகித் தொட்டி பழகுவது) தள்ளிப்போகும்” என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். பாக்டீரியா தண்ணீரில் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் கூழாங்கல்லிலும் கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிறது. அம்மோனியா 0.25 பிபிஎம் (லிட்டருக்கு 0.25 மில்லிகிராம்) இருந்தாலும் அதற்குச் சாப்பாடு உண்டு. 4 இருந்தால் மீனுக்குச் சாவு, அவ்வளவுதான் வித்தியாசம்.

முதல் வேலை கூட்டத்தைக் குறைப்பது. தங்கமீன் 15 செ.மீ. தாண்டும், குளிர்ந்த நீர் மீன், கழிவும் அதிகம். டெட்ராவுக்கோ 24–26 டிகிரி வேண்டும். சாதாரண சக்கர் 30 செ.மீ. தாண்டி வளரும். தங்கமீன் இரண்டு, சக்கர் இரண்டு, இந்த நான்கையும் கடை பாதி விலைக்கு எடுத்தாலும் கொடுத்துவிடுங்கள், இலவசமாகக் கேட்டாலும் கொடுத்துவிடுங்கள். ஓடையிலோ அணையிலோ மட்டும் விடக்கூடாது. கொடுக்க வழியே இல்லையென்றால் கீழே சொல்வதை இரண்டு மடங்கு கண்டிப்போடு செய்யவேண்டியிருக்கும்.

அடுத்தது தீனி. 40 சதவீதப் புரதமுள்ள மீன்தீனி 1 கிராம் போட்டால், அது கடைசியில் இந்தத் தொட்டியின் அம்மோனியாவைச் சுமார் 1 பிபிஎம் ஏற்றும். ஆயா ஒரு சிட்டிகை, தாத்தா ஒரு சிட்டிகை, பள்ளி விட்டு வந்த பிள்ளை ஒரு சிட்டிகை என்று போட்டால் வாளி தோற்றுவிடும். இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஒரு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு போதும். டப்பாவை எட்டாத அலமாரியில் வையுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்து.

டெஸ்ட் கிட் இல்லாமல் இதில் இறங்கவேண்டாம். சொட்டு மருந்து வகையே நல்லது. ஏபிஐ கிட்டில் அம்மோனியாவுக்கு 5 மி.லி. தண்ணீர், முதல் பாட்டிலில் 8 சொட்டு, இரண்டாவதில் 8 சொட்டு, குலுக்கி 5 நிமிடம் காத்திருக்கவேண்டும். நைட்ரைட்டுக்கு 5 சொட்டு, அதே 5 நிமிடம். நைட்ரேட்டில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். இரண்டாவது பாட்டிலின் அடியில் மருந்து படிந்துவிடும், 30 விநாடி ஓங்கிக் குலுக்காவிட்டால் நைட்ரேட் இருந்தும் குழாய் மஞ்சளாகவே நிற்கும். குழாயை வெள்ளைத் தாளுக்கு எதிரே பிடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். சமையலறை விளக்கில் மஞ்சளும் இளம்பச்சையும் ஒன்றுபோல் தெரியும்.

தினமும் ஒரே நேரத்தில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் பாருங்கள். இரண்டின் கூட்டல் 0.5-ஐத் தொட்டால் பாதித் தண்ணீர் மாற்றவேண்டும். 2 இருந்தால் ஒரு தடவை பாதி மாற்றினால் 1தான் ஆகும். சில மணி நேரம் விட்டு இன்னொரு பாதி மாற்றுங்கள். நம் பக்கத்துக் குழாய் நீரின் பிஎச் பெரும்பாலும் 8-ஐ ஒட்டி இருப்பதால் இதில் தாட்சண்யம் பார்க்க முடியாது. 25 டிகிரியில் பிஎச் 7 இருக்கும் தொட்டியைவிட 8 இருக்கும் தொட்டியில் அதே அம்மோனியா ஏறக்குறைய பத்து மடங்கு விஷம்.

குழாய் நீரைப் பற்றி ஒரு விஷயம். ஜோஹன்னஸ்பர்க்குக்கு வரும் ராண்ட் வாட்டர் நிறுவன நீரில் குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) உண்டு. “ராத்திரி வாளியில் பிடித்து வைத்தால் குளோரின் போய்விடும்” என்ற ஊர்ப்பேச்சு இங்கே செல்லாது, குளோரமைன் அவ்வளவு எளிதில் போகாது. கன்டிஷனர் கட்டாயம். அது குளோரமைனை உடைக்கும்போது கொஞ்சம் அம்மோனியா மிஞ்சும் என்பதால் அம்மோனியாவையும் கட்டும் வகையாக வாங்குங்கள். சீகெம் பிரைம் என்றால் 200 லிட்டருக்கு 5 மி.லி., அதாவது இந்தத் தொட்டிக்கு 1 மி.லி. தொட்டிக்குள் நேராகப் புதுத் தண்ணீர் ஊற்றுவதானால் முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டு முதலில் கன்டிஷனரைப் போடுங்கள். அதைப் போட்ட பிறகும் டெஸ்ட்டில் அம்மோனியா காட்டும். கன்டிஷனரை நம்பி வாளியைக் கீழே வைத்துவிடக்கூடாது.

ஜூலை இங்கே குளிர்காலம், குழாய் நீரில் கை விறைக்கும். கெட்டில் வெந்நீர் கலந்து, தெர்மாமீட்டரில் தொட்டிக்கும் வாளிக்கும் 2 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பாருங்கள். தண்ணீர் இறக்குமுன் ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். காற்றில் நிற்கும் சூடான கண்ணாடியில் புது நீர் பட்டால் விரிசல் விடும்.

இரண்டாம் மூன்றாம் வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். பலர் அப்போது “முடிந்தது” என்று தளர்வார்கள், மீன் சாவதும் அப்போதுதான். நைட்ரைட் ரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்கவிடாமல் செய்கிறது. இதற்கு மலிவான காவல் உப்பு. 10 லிட்டருக்கு 1 கிராம் கல் உப்பு, அதாவது 40 லிட்டருக்கு 4 கிராம். ஒரு கப் தொட்டி நீரில் கரைத்து மெல்ல ஊற்றுங்கள். அந்தக் குளோரைடு செவுள் வழியே நைட்ரைட் நுழைவதைத் தடுக்கும். 20 லிட்டர் மாற்றினால் 2 கிராம் திரும்பச் சேருங்கள், நீர் ஆவியானதை நிரப்பும்போது சேர்க்கவேண்டாம்.

காலத்தைக் குறைக்க நிச்சயமாகக் கைகொடுப்பது, ஓடிப் பழகிய ஒரு தொட்டியின் ஸ்பாஞ்ச். நோயில்லாத தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் ஒரு துண்டு வாங்கி, ஈரம் காயாமல் அந்தத் தொட்டி நீரிலேயே கொண்டுவந்து உங்கள் ஃபில்டருக்குள் திணியுங்கள். பாட்டில் பாக்டீரியா சிலருக்கு வேலை செய்யும், சிலருக்கு வெறும் செலவு. மணி பிளான்ட் கொடியின் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டால் அம்மோனியாவையும் நைட்ரேட்டையும் உறிஞ்சும். ஆகாயத்தாமரை வேண்டாம், தென்னாப்பிரிக்காவில் அது தடைசெய்யப்பட்ட களை.

ஃபில்டர் பெட்டியில் “மாதம் ஒருமுறை கார்ட்ரிட்ஜ் மாற்றவும்” என்று எழுதியிருக்கும். மாற்றினால் மூன்று வார உழைப்பும் குப்பைத்தொட்டியில். தண்ணீர் ஓட்டம் குறைந்தால் மட்டும், இறக்கிய தொட்டி நீரில் ஸ்பாஞ்சை இரண்டு தடவை பிழியுங்கள். பழுப்புச் சேறு வரும், கொஞ்சம் ஒட்டியிருக்கட்டும். குழாயடியில் கழுவவே கூடாது.

மின்தடைக்கு ஒரு பேட்டரி ஏர் பம்ப், குளிருக்குத் தொட்டியைச் சுற்ற ஒரு கம்பளி. அரை நாள் நின்ற ஃபில்டரை அப்படியே போடாமல், ஸ்பாஞ்சைத் தொட்டி நீரில் அலசிவிட்டு ஓடவிடுங்கள். தண்ணீர்த் தடைக்கு 25 லிட்டர் டிரம் இரண்டு எப்போதும் நிரம்பியிருக்கட்டும். நாள்தோறும் பாதித் தண்ணீர் தேவைப்படும் வாரத்தில் குழாய் வறண்டால் தீனியை நிறுத்துங்கள், நல்ல மீன் ஒரு வாரம் பட்டினி தாங்கும்.

ஏழு நாள் தொடர்ந்து, தண்ணீர் மாற்றாமலே அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் மட்டும் ஏறுகிறது என்றால் தொட்டி பழகிவிட்டது. அன்றைக்கு ஒரு பெரிய மாற்று, பிறகு வாரம் 40 சதவீதம். கூட்டம் குறையாத தொட்டியானால் வாரம் இருமுறை, நைட்ரேட் 40-ஐத் தாண்டாமல். புது மீன் வாங்கும் ஆசை வந்தால் நியானுக்கு இன்னும் இரண்டு துணை மட்டும், அதுவும் சக்கரும் தங்கமீனும் போன பிறகு.