துளையிட்ட சாலிடஸ்

அருங்காட்சியகத்தின் நாணயப் பிரிவில் எனக்கு முதலில் கற்றுத்தந்த வேலை எடை போடுவது. பிற்கால ரோமானியத் தங்கக் காசுகளை அறிய அதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. பேரரசர் கான்ஸ்டன்டைன் கி.பி. 309 வாக்கில் அறிமுகப்படுத்திய சாலிடஸ் என்னும் தங்கக் காசு, ஒரு ரோமானிய ராத்தலுக்கு 72 என்ற கணக்கில் அடிக்கப்பட்டது. காசு ஒன்று ஏறத்தாழ 4.5 கிராம். அந்த எடையைக் காக்க அரசு பெரும்பாடு பட்டது. சாலிடஸ் பற்றிய வழக்குகளைத் தீர்க்க நகரந்தோறும் எடை பார்ப்பவர் ஒருவர் இருக்க வேண்டும் என்று 363-இல் பேரரசர் ஜூலியன் ஆணையிட்டார். சில ஆண்டுகளில், அடுத்து ஆண்ட பேரரசர்களான வாலன்டினியனும் அவர் தம்பி வேலன்ஸும் ஒரு படி மேலே போனார்கள்: வரியாக வரும் காசுகளை உருக்கி, புடம்போட்டு, கட்டியாக்கித்தான் கருவூலத்துக்கு அனுப்ப வேண்டும். 368 முதல் காசின் அடிப்பகுதியில் காணும் 'ஓபி' (OB) எழுத்துகள், இது மாற்றுக் குறையாத தங்கம் என்பதற்கான முத்திரை.

தென்னிந்தியாவில் கிடைத்த சாலிடஸ்கள் பலவற்றில் துளை இருக்கிறது. கர்நாடகத்தின் அக்கி ஆலூர் புதையலிலும் அப்படிப்பட்டவை உண்டு. பழைய பதிவட்டைகளில் இதைச் 'சேதம்' என்று எழுதி முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. துளையிட்டதும் காசு எடை குறைகிறது. ரோமானியத் தராசில் அது இனி தேறாது. அதைத் துளைத்தவருக்கு அது செலாவணியாக இருந்திருக்க முடியாது, அணியாகத்தான் இருந்திருக்கும்.

இந்தத் துளைகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, பேரரசரின் தலைக்கு மேலே இருக்கின்றன. ஒற்றைத் துளையில் கோத்த காசு திரும்பிக்கொண்டே இருக்கும். இரட்டைத் துளையில் கோத்தால் முகம் நிமிர்ந்து முன்பார்த்து நிற்கும். காசில் உள்ள பேரரசர் இரண்டாம் தியோடோசியஸ் தலைக்கவசத்தோடும் தோளில் சாய்த்த ஈட்டியோடும் ஒருவர் மார்பில் நேராகத் தெரிய வேண்டும் என்று யாரோ கவனமாகத் திட்டமிட்டிருக்கிறார்கள். காசுமாலை பார்த்து வளர்ந்த நமக்கு அந்தக் கவனம் அந்நியமானதல்ல.

ஆகவே துளையுள்ள காசு மேசைக்கு வந்தால் நான் நேரம் எடுத்துக்கொள்வேன். துளைகள் கடிகார முகப்பில் எந்த மணியில் விழுகின்றன, உளி எந்தப் பக்கத்திலிருந்து இறங்கியது, பிசிறு எந்தப் பக்கம் எழுந்திருக்கிறது, நூலோ கம்பியோ உரசி ஓரம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என எல்லாவற்றையும் உருப்பெருக்கியில் பார்த்து எழுதுவேன். விலை கூடும் என்பதற்காகச் சந்தையில் இத்தகைய துளைகளைத் தங்கம் வைத்து அடைக்கிறார்கள். அப்படி அடைக்கும்போது அந்தக் காசை இங்கே அணிந்தவரைப் பற்றி நமக்கிருக்கும் ஒரே சான்று அழிந்துபோகிறது.